பிஎஸ்பியில் மான்ஸ்டர் ஹண்டர்: படிப்புரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தக்கலைப் பக்கம் எங்கள் வீட்டுப் படிப்புரையில், அதாவது வாசல் திண்ணையில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான்கு பேர் ஆளுக்கொரு பிஎஸ்பியோடு உட்காருவோம். பிஎஸ்பி என்பது சோனியின் பழைய கையடக்க விளையாட்டுக் கருவி. நான், சித்தப்பா மகன், குளச்சலில் இருந்து ஒரு நண்பன், குலசேகரத்தில் இருந்து இன்னொருத்தன். ஆடுவது மான்ஸ்டர் ஹண்டர் ஃப்ரீடம் யுனைட். வேடிக்கை பார்க்க வருகிற பிள்ளைகளும் புதிதாகச் சேருகிறவர்களும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதியே வைத்துவிட்டேன்.

இது என்ன விளையாட்டு?

கேப்காம் என்ற ஜப்பான் நிறுவனம் 2004-இல் பிளேஸ்டேஷன் 2-இல் தொடங்கிய தொடர் மான்ஸ்டர் ஹண்டர். ஃப்ரீடம் யுனைட் பிஎஸ்பிக்காக ஜப்பானில் 2008-இலும் வெளிநாடுகளில் 2009-இலும் வந்தது. பனிமலையில் போக்கே என்று ஒரு கிராமம்; நீங்கள் அந்த ஊர் வேட்டைக்காரர். ஊர்த் தலைவியான பாட்டியிடம் வேலை வாங்கிக்கொண்டு போய், சொன்ன மிருகத்தைக் கொன்றோ உயிரோடு பிடித்தோ வர வேண்டும். அதன் செதில், நகம், எலும்பு, வால் இவற்றைக் கொல்லனிடம் கொடுத்தால் ஆயுதமும் கவசமும் ஆகும். அதைப் போட்டுக்கொண்டு அடுத்த பெரிய மிருகத்திடம் போவது. கதை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. இதையே நூற்றுக்கணக்கான மணி நேரம் செய்கிறோம் என்றால் வீட்டில் நம்ப மாட்டார்கள்.

எத்தனை மிருகத்தைக் கொன்றால் லெவல் ஏறும்?

ஏறாது. இந்த விளையாட்டில் அனுபவப் புள்ளி என்பதே இல்லை. முதல் நாள் உங்கள் வேட்டைக்காரனுக்கு இருக்கும் உடம்புதான் இருநூறாவது மணி நேரத்திலும். கவசம் கொஞ்சம் தாங்கும், ஆயுதம் கொஞ்சம் கூடுதலாக வெட்டும். மற்றதெல்லாம் பிஎஸ்பியைப் பிடித்திருக்கிற ஆளைப் பொறுத்தது. மற்ற விளையாட்டுகளில் ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டால் பின்னால் போய்ச் சின்னச் சின்ன எதிரிகளை அடித்து லெவல் ஏற்றிக்கொண்டு வரலாம். இங்கே அந்தக் குறுக்கு வழி கிடையாது. மாட்டின இடத்திலேயே நின்று கற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

பட்டனை விடாமல் அமுக்குகிறேன், ஆனாலும் செத்துப் போகிறேன். ஏன்?

விடாமல் அமுக்குவதால்தான். அதிகம் வரும் கேள்வி இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு வெட்டைத் தொடங்கிவிட்டால் அது முடியும் வரை உங்கள் ஆள் உங்கள் பேச்சைக் கேட்க மாட்டான். வாளை ஓங்கிவிட்டான் என்றால் இறக்கித்தான் ஆவான். நடுவில் மிருகம் திரும்பினாலும் உருள முடியாது. மருந்து குடிப்பதும் அப்படித்தான்: வாளை உறையில் போட்டு, குப்பியை எடுத்து, குடித்து, அப்புறம் ஒரு கையை மடக்கிப் பயில்வான் மாதிரி பெருமையாக நிற்பான். அந்த நொடியில் அடி விழுந்து செத்தவர்கள் கோடி.

அப்போது என்ன செய்வது? வெட்டாமல் பாருங்கள். இதைக் கற்றுக்கொடுக்கவே யான் குட்-கூ என்று ஒரு பறவை மாதிரியான மிருகம் முன்பகுதியிலேயே வரும். பெரிய காது, அலகு, வாயிலிருந்து தீத்துப்பல். முதல் ஐந்து நிமிடம் வாளை எடுக்காமல் அதைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டே இருங்கள். கொத்துவதற்கு முன் தலையை எப்படித் தூக்குகிறது, வாலைச் சுழற்றுவதற்கு முன் எப்படி நிற்கிறது, ஓடி வந்து விழுந்த பிறகு எழ எவ்வளவு நேரம் எடுக்கிறது எல்லாம் தெரிந்துவிடும். விழுந்து எழும் அந்த இடைவெளிதான் உங்களுக்கு. ஒன்று அல்லது இரண்டு வெட்டு போட்டுவிட்டு உருண்டு விலகுங்கள். மூன்றாவது வெட்டுக்கு ஆசைப்படுகிறவன்தான் மயங்கி விழுந்து பூனை வண்டியில் முகாமுக்குப் போவான்.

குளச்சல் நண்பன் எங்களில் கடைசியாகச் சேர்ந்தவன், சீக்கிரம் தேறினதும் அவன்தான். கட்டுமரத்தைக் கடலில் இறக்கும்போது அப்பாவோடு நின்று பழகினவன். அலையை எண்ணி, அடங்குகிற நேரம் பார்த்துத் தள்ளுவார்களே, அதே கண்ணோடு அவன் மிருகத்தைப் பார்த்தான். நாங்கள் மூன்று பேரும் பட்டனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம்.

கேமரா மிருகத்தைக் காட்டவே மாட்டேன் என்கிறதே?

பிஎஸ்பியில் நகர்வதற்கு ஒரே ஒரு அனலாக் குமிழ்தான். கேமராவைத் திருப்புவது அதற்கு மேலே இருக்கும் திசைப் பட்டன்கள். இரண்டுக்கும் இடது கட்டைவிரலே போக வேண்டும் என்றால் நடக்காது. அதனால் கட்டைவிரலைக் குமிழில் வைத்து, ஆள்காட்டி விரலை வளைத்து மேலே இருந்து திசைப் பட்டனை அமுக்குவோம். எங்கள் செட்டில் இதற்கு நண்டுப் பிடி என்று பெயர். இரண்டு மணி நேரம் ஆடினால் கை நண்டு மாதிரியே நின்றுவிடும். வலித்தால் நிறுத்திவிடுங்கள், மக்கா, மிருகம் எங்கேயும் போகாது.

அது வராதவர்களுக்கு எல் பட்டன் இருக்கிறது. ஒரு தட்டு தட்டினால் கேமரா உங்கள் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும். மிருகத்தின் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்து எல் தட்டிப் பழகினால் பாதிக் கஷ்டம் குறையும். என் சித்தப்பா மகன் இன்றைக்கும் எல் பட்டன் மட்டும்தான்.

எந்த ஆயுதத்தில் தொடங்கலாம்?

இந்தப் பதிப்பில் 11 வகை இருக்கிறது. எல்லாவற்றையும் விளக்க எனக்குப் பொறுமை இல்லை; நாங்கள் கைவைத்ததை மட்டும் சொல்கிறேன்.

வாளும் கேடயமும் வேகமானது, வாள் கையில் இருக்கும்போதே மருந்து குடிக்கலாம். எல்லாரும் புதியவர்களுக்கு இதைத்தான் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். கை வேகமாக இருந்தால் ஆசை அடங்காது, ஆறு வெட்டு வெட்டிவிட்டு அடி வாங்குவீர்கள். கிரேட் ஸ்வார்டில் தொடங்குங்கள். ஆளுயர வாள், மெதுவானது. வாளை முதுகில் மாட்டிக்கொண்டு ஓடி, சரியான நேரத்தில் உருவி, பட்டனை அமுக்கிப் பிடித்து மூன்று படி வலு ஏற்றி ஒரே வெட்டு. உடனே உறையில் போட்டு ஓட்டம். ஒரு வெட்டுதான் கிடைக்கும் என்பதால் எப்போது வெட்டுவது என்று யோசிக்கவே வைத்துவிடும்.

ஹேமர் தலையில் அடிக்க. தலையிலேயே நாலு அடி சரியாக விழுந்தால் மிருகம் தலைசுற்றி விழும். ஆனால் வாலை வெட்ட முடியாது. லான்ஸ் என்ற நீள ஈட்டி பயந்தவர்களுக்கு என்று சொல்வார்கள், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கேடயத்தைப் பிடித்துக்கொண்டு மிருகத்தின் மூக்குக்கு நேரே நிற்கத் தைரியம் வேண்டும். ஹண்டிங் ஹார்ன் ஊதினால் கூட இருப்பவர்களுக்கும் பலம் கூடும். வில்லும் துப்பாக்கிகளும் தூரத்தில் நின்று அடிக்கலாம் என்று ஆசைகாட்டும், ஆனால் அவற்றை எடுப்பவர்களுடைய கவசம் மெலிது, ஒரு அடியிலேயே பாதி உயிர் போய்விடும்.

என் வாள் மிருகத்தின் மேல் பட்டுத் தெறிக்கிறதே?

மழுங்கிவிட்டது. திரையின் மேலே வாள் மாதிரி ஒரு சின்னம் இருக்கும், அதன் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம், வெள்ளை, ஊதா என்று கூர்மை ஏறும். வெட்ட வெட்ட இறங்கும். மஞ்சளுக்கு வந்துவிட்டால் கெட்டியான செதிலில் தெறிக்கும், தெறித்த நேரத்தில் நீங்கள் தடுமாறுவீர்கள், அடி விழும்.

குலசேகரத்து நண்பனின் அப்பா ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர். விடிவதற்கு முன்னே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்குவார். கத்தியைக் கல்லில் தீட்டாமல் ஒரு நாளும் இறங்கியதில்லை. மழுங்கின கத்தி பட்டையைக் கிழித்து மரத்தைக் கெடுத்துவிடும் என்பார். அவர் ஒரு நாள் எங்கள் ஆட்டத்தை எட்டிப் பார்த்துவிட்டு, ‘லேய், முதல்ல கத்தியத் தீட்டு’ என்றார். பிஎஸ்பியை வாழ்நாளில் தொடாத மனிதர். அதைவிட நல்ல அறிவுரையை நான் இதுவரை கேட்டதில்லை.

தீட்டுவதற்குச் சில நொடி ஆகும். மிருகத்துக்கு முன்னால் உட்கார்ந்து தீட்டாதீர்கள். வரைபடம் எண் போட்ட பகுதிகளாகப் பிரிந்திருக்கும். அடுத்த பகுதிக்குள் போய்விட்டால் மிருகம் உடனே பின்னால் வராது. அங்கே போய்த் தீட்டுங்கள், மருந்து குடியுங்கள், மூச்சு விடுங்கள்.

மருந்து எப்போதும் தீர்ந்துவிடுகிறது. என்ன வழி?

தேன். மார்த்தாண்டத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ரப்பர் தளிர்விடும் மாதங்களில் பெட்டி பெட்டியாகத் தேன் எடுக்கிற ஊர். இந்த விளையாட்டிலும் தேன்தான் எல்லாவற்றுக்கும் மேல். மூலிகையும் நீலக் காளானும் சேர்ந்தால் சாதாரண மருந்து. அந்த மருந்தோடு தேன் சேர்த்தால் மெகா போஷன், பெரிய மருந்து.

பையில் 10 மெகா போஷன்தான் வைக்க முடியும். அதனால் 10 மெகா போஷன், 10 சாதாரண மருந்து, 10 தேன் மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். முதல் பத்து தீர்ந்ததும் காட்டிலேயே கலந்து இன்னொரு பத்து செய்துகொள்ளலாம். சில கலவை கெட்டுக் குப்பையாகும், பரவாயில்லை. தேனுக்குப் போக்கேயில் உங்களுக்கென்று இருக்கும் பண்ணையில் தேன்கூடு உண்டு. ஒவ்வொரு வேட்டை முடிந்து வந்ததும் ஒரு நடை பண்ணைக்குப் போய்வருவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். இதை அலுப்பான வேலை என்று விட்டவர்கள் பத்து நாளில் மருந்தில்லாமல் நிற்பார்கள். நான் நின்றிருக்கிறேன்.

எத்தனை முறை சாகலாம்?

சாவு இல்லை, மயக்கம்தான். பூனைகள் வண்டியில் போட்டு முகாமில் கொண்டுவந்து தட்டிவிட்டுப் போகும். ஒவ்வொரு முறையும் கூலியில் மூன்றில் ஒரு பங்கு போகும். மூன்றாவது முறையோடு வேட்டை தோல்வி. நான்கு பேர் சேர்ந்து ஆடினாலும் மொத்தம் மூன்றுதான், ஆளுக்கு மூன்று இல்லை. நேரக் கணக்கும் உண்டு, பெரும்பாலான வேட்டைகளுக்கு 50 நிமிடம்.

மிருகத்துக்கு இன்னும் எவ்வளவு உயிர் இருக்கிறது என்று எங்கே பார்ப்பது?

எங்கேயும் பார்க்க முடியாது. மிருகத்தைத்தான் பார்க்க வேண்டும். நொண்டிக்கொண்டு வேறு பகுதிக்குப் போகிறது என்றால் முடிவு நெருங்கிவிட்டது. குட்-கூ காதை மடக்கிக்கொள்ளும். தன் கூட்டுக்குப் போய்த் தூங்கினால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அது தூங்கும் இடத்தில் பொறி வையுங்கள், அதில் சிக்கினதும் மயக்க குண்டு இரண்டு வீசுங்கள், உயிரோடு பிடித்துவிடலாம். கடைசி ஐந்து நிமிட ஓட்டமும் ஆபத்தும் மிச்சம். மூத்த டிராகன் வகையை மட்டும் பிடிக்க முடியாது, கொன்றோ விரட்டியோதான் ஆக வேண்டும்.

இன்னொன்று: பார்த்ததும் பெயின்ட்பால் எறிந்துவிடுங்கள். பறந்து போனாலும் வரைபடத்தில் தெரியும். சித்தப்பா மகன் இதை மறந்துவிட்டு இருபது நிமிடம் சதுப்பு நிலத்தில் சுற்றினதை நாங்கள் இன்னும் சொல்லிக்காட்டுகிறோம்.

சில மிருகங்களிடம் என் தந்திரம் எதுவும் பலிக்கவில்லையே?

எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து கிடையாது. மூன்று உதாரணம்.

ஜிப்செரோஸ். உடம்பு முழுக்க ரப்பர். சும்மா சொல்லவில்லை, அறுத்தால் ரப்பர் தோல்தான் கிடைக்கும். அதனால் மின்சாரப் பொறி அதனிடம் வேலை செய்யாது. குழிப்பொறிதான் வைக்க வேண்டும். வால் நீண்டு வந்து அடிக்கும். தலையில் இருக்கும் கொண்டையைத் தட்டிப் பளிச்சென்று வெளிச்சம் விட்டுக் கண்ணைக் கட்டும். கொண்டையை உடைத்துவிட்டால் அந்த வித்தை முடிந்தது. பையிலிருந்து பொருளையும் திருடும். எல்லாவற்றுக்கும் மேலே, செத்த மாதிரி விழுந்து கிடக்கும். அறுக்கக் கத்தியோடு பக்கத்தில் போனீர்களா, திடீரென்று துள்ளி அடிக்கும். குலசேகரத்துக்காரனுக்குப் பிடித்த மிருகம் இதுதான், காரணம் கேட்க வேண்டாம்.

கெசு. வெளுத்துப்போன உடம்பு, கண்ணே கிடையாது, குகைக் கூரையில் தொங்கும். கண் இல்லாததால் மற்ற மிருகங்களின் கண்ணைக் கூசவைக்கும் ஃபிளாஷ் குண்டு இதனிடம் வீண். மற்ற மிருகங்கள் உங்களைப் பார்த்ததும் சண்டை இசை தொடங்குமே, இதற்கு அதுவும் கிடையாது. சத்தமே இல்லாத குகையில் அது மட்டும். ராத்திரி ஹெட்போன் போட்டு ஆடாதீர்கள் என்று மட்டும் சொல்வேன்.

பிளெசியோத். தண்ணீருக்குள் இருக்கும் பெரிய மீன். கரையில் நின்று கத்தினால் வராது. நம்ம ஊர்க் குளத்தில் விரால் பிடிக்கத் தூண்டிலில் தவளை மாட்டுவோமே, அதேதான் இங்கேயும். தவளையை மாட்டிப் போட்டால் அவ்வளவு பெரிய உருவம் துள்ளிக் கரையில் வந்து விழும். இதை முதன்முதலில் பார்த்தபோது நாங்கள் போட்ட சத்தத்தில் அம்மா அடுக்களையிலிருந்து ஓடிவந்துவிட்டார்கள். ஒலி குண்டு எறிந்தும் வெளியே வரவைக்கலாம், ஆனால் அதில் இந்தச் சுகம் இல்லை. கரைக்கு வந்ததும் இடுப்பால் ஒரு இடி இடிக்கும். தள்ளி நின்றாலும் படும். அது அநியாயம்தான், எனக்கும் பதில் தெரியாது.

கவசத்தில் எழுதியிருக்கும் எண்கள் என்ன?

திறன் புள்ளி. உடம்பில் போட்டிருக்கும் எல்லாத் துண்டுகளிலும் ஒரே திறனுக்குக் கூட்டி 10 வந்தால்தான் அது வேலை செய்யும். 9 இருந்தாலும் பயனில்லை. அதேபோல் கழித்தல் 10 ஆனால் கெட்ட குணம் ஒன்று ஒட்டிக்கொள்ளும். ஆரம்பத்தில் இதற்குத் தலையை உடைக்காமல், ஒரே மிருகத்தின் முழு செட்டைப் போடுங்கள்.

நாலு பேர் சேர்ந்தால் சுலபமா?

ஆம், ஆனால் நாலு பேருக்கும் மூளை இருந்தால். ஊர்த் தலைவி தரும் வேலைகளில் ஒருவர் மட்டும்தான் போகலாம். கூட்டமாகப் போக வேண்டும் என்றால் கேதரிங் ஹால் என்ற மண்டபத்தில் வேலை வாங்க வேண்டும். அங்கே மிருகங்களுக்கு உயிர் அதிகம். எத்தனை பேர் போனாலும் அதே அளவுதான். ஒற்றை ஆளாகப் போய் 50 நிமிடம் போதவில்லை என்று புலம்புகிறவர்கள் இதைத் தெரியாதவர்கள்.

எங்கள் விதிகள்: கூட இருப்பவன் மேல் வாளை வீசாதே, கிரேட் ஸ்வார்டைக் கீழிருந்து மேலே சுழற்றினால் நண்பன் ஆகாயத்தில் பறப்பான். தலை ஹேமர்காரனுக்கு, வால் வாள்காரனுக்கு. லைஃப் பவுடர் வைத்திருப்பவன் தூவினால் அந்தப் பகுதியில் எல்லாருக்கும் உயிர் ஏறும், பதுக்கி வைக்காதே. ஏத்தங்காய் சிப்ஸ் தின்ற கையைக் கழுவாமல் உட்காராதே. சாயா வேட்டைக்கு நடுவில் வந்தால் ஆறட்டும்.

எந்தக் கருவி வாங்குவது?

இன்றைக்குப் புதிதாகத் தொடங்குகிறவர் நின்டென்டோவின் சுவிட்ச் கருவியில் மான்ஸ்டர் ஹண்டர் ரைஸ் ஆடலாம். 2021-இல் வந்தது, ஏறிப்போக நாய் உண்டு, பகுதி விட்டுப் பகுதி போக லோடிங் கிடையாது. சுகமானது. அதே நிறுவனத்தின் பழைய கையடக்கக் கருவியான 3டிஎஸ்ஸுக்கு வந்த பதிப்புகளும் நன்றாக இருக்கும், ஆனால் அதன் ஆன்லைன் ஆட்டத்தை 2024 ஏப்ரலில் நிறுத்திவிட்டார்கள், அதனால் பக்கத்தில் உட்கார்ந்துதான் ஆட முடியும். 3டிஎஸ் வாங்கும்போது எந்த நாட்டுக் கருவி என்று பாருங்கள், வேறு நாட்டு கேம் அதில் ஓடாது. பிஎஸ்பி கேம்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

எங்களைப்போல் பிஎஸ்பிதான் வேண்டும் என்றால் பழையதுதான் கிடைக்கும். நாகர்கோவிலில் ஒரு கடையில் மலிவாகக் கிடைத்ததே என்று ஒன்றை வாங்கிவந்தேன். வீட்டில் வந்து பார்த்தால் மற்ற மூன்று கருவிக்கும் என் கருவி தெரியவே இல்லை. இ1000 என்ற மாடல் அது; அதில் வைஃபை கிடையாது. சேர்ந்து ஆடவே முடியாது. கடைக்காரர் ‘கேம் ஓடுதுல்ல தம்பி’ என்று சொல்லி முடித்துவிட்டார். ஓடத்தான் செய்தது. நீங்கள் பின்பக்கம் மாடல் எண்ணைப் பார்த்து 1000, 2000, 3000 வரிசையில் ஒன்றை வாங்குங்கள். பேட்டரியைக் கழற்றித் தரையில் வைத்துப் பாருங்கள், உப்பியிருந்தால் ஆடும். கடற்கரை ஊர்களில் கிடந்த கருவி என்றால் உப்புக்காற்றில் சார்ஜர் முனை துருப்பிடித்திருக்கும், அதையும் பாருங்கள்.

டைக்ரெக்ஸை முதன்முதலில் எப்படிக் கொன்றீர்கள்?

டைக்ரெக்ஸ் தெரியாதவர்களுக்கு: விளையாட்டின் தொடக்கக் காட்சியிலேயே உங்களை மலையிலிருந்து தள்ளிவிடுகிறது ஒன்று, அதுதான். பாய்ந்து வரும், தவறினால் திரும்பி மறுபடி பாயும். அதற்கு எதிரே ஓடக் கூடாது, பக்கவாட்டில் பின்னங்காலைப் பார்த்து ஓட வேண்டும். பாறையில் முட்டினால் பல் மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்கும், அப்போது வெட்டலாம்.

எனக்கு நான்கு ராத்திரி ஆனது. ஆனி மாத மழை, கரண்ட் இல்லை, பேட்டரி விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. 43-ஆவது நிமிடத்தில் விழுந்தது. வாலை அறுத்தேன், உடம்பை அறுத்தேன், ஊருக்குத் திரும்பி சேவ் பண்ணப் போகும்போது கருவி அணைந்துவிட்டது. பழைய பேட்டரி. இருட்டில் கொஞ்ச நேரம் மழைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் காலை கரண்ட் வந்ததும் சார்ஜரைச் செருகி, அதே வாள், அதே கவசத்தோடு மறுபடி போனேன். 19 நிமிடம்.